பதினைந்து நிமிட சால்மனும் ஒரு தீயணைப்பு வண்டியும்

ஸ்விஃப்ட் குடா,
டாஸ்மேனியா.
மே மாதம், மழை விடாத ஒரு ஞாயிறு.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய ஏவிஸ் அண்ணிக்கு,

மெர்ல் எழுதுவது. அடிலெய்டில் உங்கள் முழங்கால் உங்கள் பேச்சைக் கேட்கிறதா, பக்கத்து வீட்டு எலுமிச்சை இந்த வருஷமும் உங்கள் வேலிக்கு இந்தப் பக்கம்தான் காய்க்கிறதா என்று அறிய ஆவல். இங்கே ஆப்பிள் பறிப்பு முடிந்தது, விறகு உள்ளே வந்தாயிற்று, கூரை இன்னும் வீட்டின் மேல்தான் இருக்கிறது. யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. ஆகவே உள்ளதை எழுதுகிறேன்: யாவரும் உயிரோடு இருக்கிறோம். நான் உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். குறைதான் சொல்லப்போகிறேன், ஆனாலும் நினைக்க வேண்டாம்.

போன மாதம் ஏதோ பத்திரிகையிலிருந்து கத்தரித்து உங்கள் தம்பிக்கு ஒரு சமையல் குறிப்பு அனுப்பினீர்களே, ‘பதினைந்தே நிமிடத்தில் ஜப்பானிய பாணி சால்மன் விருந்து’ என்று, படத்தில் மீன் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்ததே, அது. அனுப்பியதோடு விட்டிருக்கலாம். ஓரத்தில் உங்கள் கையால் “பெவன், இது உன்னால்கூட முடியும்” என்று எழுதினீர்கள். அண்ணி, நீங்கள் அவரோடு பிறந்தவர். சின்ன வயதில் உன்னால் முடியாது என்று யாரோ சொன்னதற்காகக் குடையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக் கூரையிலிருந்து குதித்தவர் என்று எனக்குக் கல்யாணத்தன்றே சொன்னவர் நீங்கள்தான். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ‘கூட’ என்று எழுதலாமா? அந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கு எங்கள் சமையலறைச் சுவர் வெள்ளையாக இருந்திருக்கும்.

மார்ச் மாதத்தில் நடந்ததெல்லாம் போனில் சொன்னேன். விறகு பிளந்துகொண்டிருந்தவர், கோடரியை ஒழுங்காகச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே தானும் சாய்ந்தார். ஹோபார்ட்டில் நெஞ்சுக்குள் ஏதோ கம்பிவலைக் குழாயைச் செருகி, ஆளைத் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே எங்கள் ஊர் டாக்டர் ஃபென்டன், அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது, பெவனை உட்காரவைத்து, இனிமேல் ஆட்டு இறைச்சி இல்லை, சாசேஜ் இல்லை, இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி இல்லை, வாரத்துக்கு இரண்டு தடவையாவது மீன் என்று சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியாக, “நான் எழுதிக் குடுக்கிற வரைக்கும் தீயணைப்பு வண்டிய ஓட்டக் கூடாது” என்றாள் பாருங்கள், அப்போதுதான் கண் கலங்கிற்று. நெஞ்சு வலித்தபோதுகூடக் கலங்காத கண். எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அவர் எத்தனை வருஷம் கேப்டனாக இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். கேப்டன் தொப்பியை ட்ரூடி பர்ரிட்ஜிடம் கொடுத்தபோதுகூட, வண்டிச் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. இப்போது அதுவும் போயிற்று.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். பிறந்ததிலிருந்து குடாவைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறார், ஜன்னலைத் திறந்தால் சால்மன் பண்ணையின் வளையங்கள் தண்ணீரில் மிதக்கின்றன, ஆனால் மீன் என்பது பார்ப்பதற்கு மட்டும்தான், ரோடு போடுகிறவன் வயிற்றுக்கு அது காணாது என்பது அவர் கட்சி. நானும் ஆவியில் வேகவைத்துக் கொடுத்தேன். தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி மேஜைக்கு வருவார். ஒவ்வொரு வாயையும் மென்று, ஜன்னலைப் பார்த்து, பெருமூச்சு விட்டு விழுங்குவார். நான் எதிரே உட்கார்ந்து அது இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படியே வாரங்கள் போயின. அந்த நேரத்தில்தான் உங்கள் காகிதம் வந்து சேர்ந்தது. அதைக் குளிர்பெட்டியின் மேல் காந்தம் வைத்து ஒட்டினார். மூன்று நாள் அதையே முறைத்துக்கொண்டு போனார், வந்தார். நாலாவது நாள், என்னிடம் சொல்லாமல் கொள்ளாமல், டாக்டர் ஃபென்டனை வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்.

“எதுக்கு?” என்றேன்.

“நான் மீன் திங்கறதை அவங்க கண்ணாலயே பாக்கட்டும். பாத்தா வண்டி ஓட்ட எழுதிக் குடுத்துடுவாங்க.”

“சமைக்கிறது யாரு?”

“நான்தான்.”

அண்ணி, கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் தம்பி அடுப்படியில் செய்தது, ரொட்டி வாட்டியதும், ஒருமுறை ஈரக் காலுறையை அடுப்பின் மேல் காயப்போட்டதும்தான். “நான் பண்றேன், நீ பேசிக்கிட்டிரு” என்றேன். “பதினஞ்சு நிமிஷம், மெர்ல். அதுல போட்டிருக்கு. நீ உக்காந்து டி.வி. பாரு. உன் கால் இந்தப் பக்கம் வரக் கூடாது” என்று சொல்லி, என் சமையல் ஏப்ரனை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பின்னால் முடிச்சு எட்டவில்லை. துணி காயப்போடுகிற கவ்வியை மாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாமான் வாங்கப் போனோம். கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள், ஆனால் மனுஷன் அந்தக் காகிதத்தைப் படித்துக்கொண்டே வருவதால் நான்தான் ஓட்டினேன். முதலில் நம் ஊர்க் கடை. கல்லாவில் ரோலண்ட். இவர் போய், “மிரின் இருக்கா?” என்று கேட்டார். ரோலண்ட் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “முனையில புதுசா வீடு வாங்கினவங்களா? அவங்க செவ்வாய்க்கிழமைதான் வருவாங்க” என்றான். அரிசியிலிருந்து எடுக்கிற இனிப்பு மது என்று இவர் விளக்கினார். “அரிசியிலேர்ந்தா? பாவம், ஆப்பிள் கிடைக்காத ஊரு போல” என்று ரோலண்ட் பரிதாபப்பட்டான். சரி என்று ஹ்யூவான்வில் டவுனுக்குப் போனோம். சோயா சாறு கிடைத்தது. மிசோ என்கிற சோயா விழுது கிடைத்தது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் இஞ்சியும் அரிசியும் வாங்கவில்லை. மறுபடி ஹ்யூவான்வில். அந்த மிரின் கடைசிவரை அகப்படவில்லை. பரவாயில்லை என்று, கண்காட்சிப் போட்டிக்காக நான் எடுத்துவைத்திருந்த ஆப்பிள் சைடர் மதுப் புட்டியைக் கேட்காமல் உடைத்தார். பதினைந்து நிமிடச் சமையலுக்கு ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, என் பரிசுச் சைடரையும் இழந்து உட்கார்ந்திருந்தேன். அடுப்பு இன்னும் பற்றவைக்கவே இல்லை.

மீன் மட்டும் வாங்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு டல்சி க்வில்லின் மருமகன் பண்ணையில் வேலை பார்க்கிறான். டல்சிக்கு இவர் சமைக்கப்போகிற செய்தி எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அவளுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுப் பூனைகூடக் குட்டி போட்டதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் துணியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உங்கள் குறிப்பில் தோலோடு நாலு துண்டு என்று அழகாகப் போட்டிருந்தது. இது தலை, வால், கண் எல்லாவற்றோடும் முழு மீன். மேஜையில் கிடத்தினால் வால் ஒரு பக்கம் தொங்கிற்று. இவரும் மீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதுக்கு எந்த ரம்பம் சரி வரும்?” என்று டல்சியைக் கேட்டார்.

“ரம்பமா? கத்திதான் மனுஷங்க எடுப்பாங்க” என்றாள் டல்சி. போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கத்தியால் ஆரம்பித்தார். நடுவில் கொட்டகைக்குப் போய்த் தோட்டத்து ரம்பத்தைக் கொண்டுவந்தார். நான் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினேன். அப்புறம் முள் எடுக்கிற படலம். சின்ன இடுக்கியால் எடுக்கவும் என்று போட்டிருந்ததாம். என் புருவ இடுக்கி போயிற்று. அது வழுக்கியது என்று அவருடைய கம்பி முறுக்குகிற குறடு வந்தது. மூக்கில் கண்ணாடி, நெற்றியில் தீயணைப்புக்காரர்களின் விளக்கு, கையில் குறடு. குழந்தைப் பேறு பார்க்கிறவர் மாதிரிக் குனிந்து நிற்கிறார், டல்சி பக்கத்திலிருந்து, “அதோ ஒண்ணு, இதோ ஒண்ணு” என்று காட்டுகிறாள். இரண்டு மணிக்குத் தொடங்கியது. பாதி மீன் முடிந்தபோது மணி நாலே கால். மீதிப் பாதியைத் தட்டில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, “பாத்தியா, எவ்வளவு சுலபம்” என்றார்.

அடுத்தது அரிசி. ஆளுக்கு ஒரு கப் என்று யாரோ சொன்னதாக ஞாபகமாம். கப் என்றால் உங்கள் தம்பிக்கு ரோடு வேலைக்குக் கொண்டுபோகிற அந்த எனாமல் குவளைதான். ஆறு பேர் டீ குடிக்கலாம் அதில். மூன்று குவளை போட்டார். பானையில் அடியில் கிடந்ததைப் பார்த்து, டாக்டர் முன்னால் மானம் போய்விடும் என்று இன்னும் இரண்டு குவளை போட்டார். அரிசி வெந்தால் பெருகும் என்கிற செய்தி அறுபத்தெட்டு வயதுவரை அவருக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் மூடி தானாக எழுந்து நின்றது. “மெர்ல், பெரிய பானை எங்க?” என்று குரல் வந்தது. சொன்னேன். “அதைவிடப் பெருசு?” என்று வந்தது. சொன்னேன். கடைசியில், ஜாம் காய்ச்சுகிற அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் நடக்காதவர் மாதிரி என்னைக் கடந்து போனார். நானும் ஒன்றும் பார்க்காதவள் மாதிரி டி.வி.யைப் பார்த்தேன்.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அடுப்பின் மேல்தட்டில், மேலிருந்து நெருப்பு காட்டுகிற கிரில்லுக்கு அடியில், மீனை வைத்தார். மேலே சோயா, தேன், இஞ்சி, என் சைடர் எல்லாம் கலந்து தாராளமாக ஊற்றியிருந்தார். சாறு தட்டிலேயே குளம் கட்டி நின்றது. நியாயமாகப் பார்த்தால் அந்த நிமிடம் அங்கேயே நிற்க வேண்டியதுதானே? வாசலில் கார் சத்தம் கேட்டது. டாக்டரை வரவேற்கப் போனார். போனவர் வாங்க என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாரா? மழையில் குடை பிடித்துக்கொண்டு வேலியோரமாக நின்று, தான் இப்போது எவ்வளவு நடக்கிறேன், எவ்வளவு மீன் தின்கிறேன், தீயணைப்பு வண்டியைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று விளக்கிக்கொண்டிருந்தார். வெங்காயத்தாள் பறிக்க வேண்டும் என்று அப்படியே தோட்டத்துக்கும் கூட்டிப்போனாராம். வாலபிக் கங்காருகள் அதை வேரோடு தின்றுவிட்டிருந்தன. அதற்கு டாக்டரிடம் ஒரு விளக்கம்.

அவர் சொன்னபடி நான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று படம் மங்கலாயிற்று. பெட்டி கெட்டுவிட்டது என்று எழுந்தால், மங்கலாயிருந்தது பெட்டி இல்லை, அறை. தேன் தீய்ந்தால் புகை எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு. தார் காய்ச்சுகிற மாதிரி. உங்கள் தம்பி, முன்னாள் கேப்டன் என்ற முறையில், எங்கள் வீட்டில் அறைக்கு ஒன்றாகப் புகை மணி பொருத்தி, ஒன்று கத்தினால் எல்லாம் கத்துகிற மாதிரி இணைத்து வைத்திருக்கிறார். எல்லாம் கத்தின. கழிப்பறையில் இருந்ததும் கத்திற்று. நான் ஜன்னல்களைத் திறந்தேன். உள்ளே இருந்த புகையெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே பாய்ந்தது. அதைத்தான் வீட்டுக்குப் போயிருந்த டல்சி தன் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பார்த்தவள் வந்து கேட்டிருக்கலாம். நடுவில் ஒரு வேலிதான். நேராகத் தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டாள்.

பெவன் ஓடிவந்தார். ஓடக் கூடாது என்று கத்திக்கொண்டு பின்னால் டாக்டர் ஓடிவந்தாள். இவர் அடுப்பை அணைத்து, கரி பிடித்த தட்டைத் துணியால் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், மழையில் புல்தரையில் வைத்தார். டாக்டர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி கூடவே நடந்தாள். மீன் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தூரத்தில் சங்கு ஊதிற்று. அண்ணி, அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் அவரே ஊதியது.

சிவப்பு வண்டி விளக்கு சுழல எங்கள் வாசலில் வந்து நின்றது. ட்ரூடியும் நாலு பேரும் முழு உடுப்பில், முகமூடியோடு இறங்கினார்கள். எல்லோருமே இவர் பழக்கியவர்கள். ட்ரூடி குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, “உள்ள யாராவது மாட்டிக்கிட்டு இருக்காங்களா?” என்று கத்தினாள்.

“சால்மன் மட்டும்தான்” என்றேன்.

அவள் முகமூடியைக் கழற்றினாள். புல்தரையில் கிடந்த தட்டைப் பார்த்தாள். இடுப்பில் பூப்போட்ட ஏப்ரனும் பின்னால் கவ்வியுமாக நின்ற பழைய கேப்டனைப் பார்த்தாள். சிரிக்காமலிருக்க அந்தப் பெண் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

“கேப்டன், அடுப்புல எண்ணெய வச்சுட்டு நகரக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?”

“எண்ணெய் இல்ல. தேன்.”

“தேன வச்சுட்டு நகரலாமா?”

“தேனைப் பத்தி நான் சொல்லிக் குடுக்கல” என்றார் உங்கள் தம்பி.

விதிப்படி வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். பார்த்தார்கள். அடுப்புக்கு மேலே சுவர் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுத்திருந்தது. எதனால் நடந்தது என்று தலைமையகத்துக்குச் சொல்ல வேண்டும், என்ன சொல்வது என்று ட்ரூடி கேட்டாள். “அடிலெய்ட்ல இருக்கிற நாத்தனாராலன்னு சொல்லு” என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அப்போது என் நிலைமை அப்படி. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு டல்சியும் வந்துவிட்டாள். “உயிருக்கு ஒண்ணும் ஆகலல்ல? நான் மட்டும் பாக்கலன்னா என்ன ஆயிருக்கும்?” என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு நன்றி வாங்கிக்கொண்டிருந்தாள். நனைந்து வந்தவர்களுக்கு டீயாவது கொடுக்க வேண்டாமா? கெண்டியை வைத்துவிட்டுத் திரும்பினால் உங்கள் தம்பியைக் காணோம்.

மார்ச் மாதத்திலும் இப்படித்தான் காணோம் என்று தேடிப் போனேன். மழையில் செருப்புக்கூடப் போடாமல் விறகுக் கொட்டகைக்கு ஓடினேன். அங்கேதான் இருந்தார். மரக்கட்டை மேல் உட்கார்ந்து, வாசலில் சுழல்கிற சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வா. குளிருது” என்றேன்.

“வண்டி போயிடுச்சா?”

“இல்ல. டீ குடிக்கப் போறாங்க.”

“என் வண்டி, மெர்ல். என் வீட்டு வாசல்லயே. வேற எவனோ ஓட்டிக்கிட்டு வர்றான்.”

“டாக்டர்கிட்ட அந்தச் சீட்டு வாங்கறதுக்காகத்தானே இவ்வளவு கூத்தும்?” என்றேன். கோபமாகத்தான் கேட்டேன், பொய் சொல்வானேன்.

“பாதி அதுக்குத்தான்.”

“மீதி?”

கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு, மூச்சு வருதான்னு என் நெஞ்சுல கைய வச்சுப் பாக்குறியே, எனக்குத் தெரியாதா? மீனை வேக வச்சு எதிர்ல உக்காந்து, நான் முழுங்கற வரைக்கும் என் மூஞ்சியையே பாக்குற. நீ சாப்பிடறதை நான் பாத்தே ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு நாளாவது நீ உக்காந்திருக்கணும், நான் கொண்டாந்து வைக்கணும்னு நெனச்சேன். பதினஞ்சு நிமிஷம்தானேன்னு நெனச்சேன்.”

அவர் காலரில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டேன். “குளிர்பெட்டியில இன்னும் பாதி மீன் இருக்கு” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “நீ பண்ணப் போறியா?”

“எனக்கென்ன வந்தது? நான் டி.வி. பாக்கணும்.”

உள்ளே வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கவ்வியை மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை அடுப்பின் மேல்தட்டை நம்பவில்லை. எங்கள் கனமான இரும்புச் சட்டியை ஏற்றினார். முள்ளெல்லாம் இருந்தபடி இருக்கட்டும், எல்லோருக்கும் வாய் இருக்கிறது, துப்பிக்கொள்ளட்டும் என்று ட்ரூடி சொல்லிவிட்டாள். துண்டுகளைத் துடைத்து, உப்புத் தூவி, தோல் அடியில் இருக்கும்படி சட்டியில் வைத்தார். ஐந்து தீயணைப்புக்காரர்கள் கையில் டீயோடு அடுப்பைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் பாதுகாப்புக்கு ஈரப் போர்வையைப் பிடித்துக்கொண்டே நின்றான். “தொடாதீங்க கேப்டன், தோல் முறுகட்டும்” என்று ஒருவன். “இப்பத் திருப்புங்க” என்று இன்னொருவன். “சும்மா இருங்கடா, எனக்குத் தெரியும்” என்றார் இவர். கடைசியில்தான் சோயாவும் தேனும் இஞ்சியும் ஊற்றினார், இந்தத் தடவை நாலு கரண்டி அளவில். அது நுரைத்துச் சுண்டி மீன் மேல் பளபளவென்று ஏறிற்று. அவர் அடுப்பைவிட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. முடிந்ததும் ட்ரூடி கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இருபத்திரண்டு நிமிஷம்” என்றாள். உங்கள் பத்திரிகைக்காரனிடம் சொல்லுங்கள்.

அப்புறம் ஜாம் அண்டாவைத் திறந்தார்கள். டாக்டர், டல்சி, படைக்காரர்கள், நாங்கள் என்று எல்லோருக்கும் சோறு இருந்தது. அதற்கு மேல் வண்டியையும் நிரப்பலாம் போலிருந்தது. நாற்காலி போதாமல் இரண்டு பேர் விறகுப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்கள். மிசோவை வெந்நீரில் கரைத்துக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தார். டல்சி மோந்து பார்த்து, “ஈரக் காலுறை வாசனை வருதே” என்றாள். அப்புறம் மூன்று குவளை குடித்தாள். உங்கள் தம்பி முதல் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்தால் மனுஷிக்கு எப்படி இறங்கும்? இவ்வளவு நாள் அவர் பட்ட அவஸ்தை எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் அதை அவரிடம் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவரால் பொறுக்கவில்லை. “என்ன டாக்டர், மீன் திங்கறதைப் பாத்தீங்கல்ல?” என்று ஆரம்பித்தார்.

டாக்டர் முள்ளைத் தட்டோரம் வைத்துவிட்டுச் சொன்னாள்: “பாத்தேன். நீங்க மழையில ஓடினதப் பாத்தேன், புகையில இருமினதப் பாத்தேன், இத்தனை பேர் முன்னாடி மானம் போனதப் பாத்தேன். இவ்வளவுக்கும் உங்க நாடி என் நாடியவிட ஒழுங்காத்தான் அடிச்சுது. நல்ல இதயம்தான். ஆனா வண்டி ஓட்ட ஆகஸ்ட் வரைக்கும் பொறுங்க.”

அவர் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்த்த ட்ரூடி சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? “ஆகஸ்ட் வரைக்கும் படைக்கு ஒரு வேலை இருக்கு கேப்டன். செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிஞ்சா நாங்க தின்னுறது வெறும் சிப்ஸு. யாராவது சமைச்சுப் போட்டா நல்லா இருக்கும்” என்றாள். “நடக்காது” என்று நான் சொல்லி முடிப்பதற்குள், “எத்தனை பேரு?” என்று இவர் கேட்டுவிட்டார்.

இதுதான் அண்ணி இங்கே நிலவரம். இரண்டு நாளாகச் சுவரைத் தேய்க்கிறேன், கறுப்பு போகாமல் பழுப்பாகியிருக்கிறது. திரைச்சீலையில், மெத்தையில், என் தலைமுடியில் எல்லாம் தீய்ந்த தேன் வாசனை. சோறு இன்னும் தீரவில்லை. டல்சி தன் கோழிகளுக்கு வாங்கிப்போனாள், கோழிகளும் போதும் என்றுவிட்டன. அவரோ மேஜை நிறையக் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு, செவ்வாய்க்கிழமைக்கு என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் கிளம்பி அங்கே வருகிறேன். ஒரு மாதம் உங்களோடு இருப்பேன். ஆட்டு இறைச்சியும் உருளைக்கிழங்கும் என் கையால் சமைத்து, நிம்மதியாகச் சாப்பிட்டு, புகை மணி இல்லாத அறையில் தூங்குவேன். அந்தப் பத்திரிகையை உடனே எரித்துவிடுங்கள், முடிந்தால் வாசலில் தண்ணீர்க் குழாய் பக்கமாக வைத்து. இனி ஒரு குறிப்பும், ஒரு படமும், ஓரத்தில் ஒரு வரியும் இந்த வீட்டுக்கு வரக் கூடாது. வந்தால் நமக்குள் உறவு ஆப்பிள் ஜாம் அனுப்புவதோடு நின்றுவிடும்.

உங்கள் முழங்காலுக்கு என் அன்பான விசாரிப்பு. எல்லா நலமும் உங்களுக்கு உண்டாகட்டும். எங்களுக்கும் கொஞ்சம் உண்டாகட்டும்.

மிகவும் நொந்துபோன,
உங்கள் தம்பி மனைவி
மெர்ல்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், சாப்பிடக் கூப்பிட்டார். இப்போதுதான் எழுந்து வந்தேன். மேலே எழுதியதெல்லாம் கோபத்தில் எழுதியது என்று நினைத்திருந்தேன். பசியில் எழுதியது என்று இப்போதுதான் தெரிகிறது. நூடுல்ஸ் என்று ஏதோ செய்திருந்தார், மேலே எள் தூவி, பக்கத்தில் வெள்ளரிக்காயும் சால்மனும். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது தடவைக்கு வெட்கமாக இருந்ததால் அவர் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஆகவே நான் அடிலெய்டுக்கு வரவில்லை. நீங்கள் கிளம்பி இங்கே வாருங்கள். பத்திரிகையை இன்னும் எரிக்கவில்லையானால் அதையும் கொண்டுவாருங்கள், பழைய இதழ்கள் இருந்தால் அவற்றையும். ஒன்று மட்டும்: வரும் வழியில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இங்கே ஆறு மணிச் சாப்பாடு என்றால் எட்டரை.